கொட்டகையில் உறங்குபவனும் தொழிலாளிதான்!

நாமக்கல் மாவட்டம், ஜேடர்பாளையம் வட்டாரம். காவிரிக் கரை, கரும்பு விளையும் பூமி, வெல்லம் காய்ச்சும் ஆலைகள் நிறைந்த இடம். 2023 மார்ச்சில் அங்கே ஆடு மேய்க்கச் சென்ற பெண்ணொருத்தி கொலையுண்டாள். ஊர் பதறியது, பதறத்தான் வேண்டும். பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் கைதானான்.

அதோடு நின்றதா? இல்லை! ஆலைகளில் வேலை செய்த வெளிமாநிலத்தார் அனைவர் மீதும் சந்தேகம் பாய்ந்தது. குடிசைகள் எரிந்தன, வாகனங்கள் எரிந்தன, தோட்டத்துப் பயிர்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டன. மே மாதத்தில் ஓர் இரவு, ஆலைக் கொட்டகையில் உறங்கிக்கொண்டிருந்த ஒடிசாத் தொழிலாளர் நால்வர் தீயில் கருகினர். ஒருவர் மாண்டார்.

தீ வைத்தது யார் என்பதை வழக்கு மன்றம் கூறட்டும். முதல் பொறி எது என்பதை நாம் கூறுவோம். ஒருவன் மீது எழுந்த குற்றச்சாட்டை ஒரு கூட்டத்தின் மீதே சுமத்தினார்களே, அதுதான் முதல் பொறி!

காவலர் படை முகாமிட்டது. முகாம் எத்தனை நாளைக்கு? காவலர் வருவது தீப்பற்றிய பிறகு. பொறி விழும்போது அருகிலிருப்பவன் யார்? தேநீர்க் கடையில் அமர்ந்திருக்கும் நம் கிளைத் தோழன்!

"இந்தியை எதிர்த்த நாம் வடவனுக்குப் பரிந்து பேசுவதா?" என்று கேட்பாருண்டு. நாம் எதிர்த்தது டெல்லியின் ஆதிக்கத்தை. பசித்து வந்த பாட்டாளியை அல்ல. மேலும், ஒடிசாக்காரனின் தாய்மொழி இந்தியுமல்ல!

"குறைந்த கூலிக்கு வந்து நம் வேலையைக் கெடுக்கிறானே?" கூலியைக் குறைத்தவன் யார்? கொடுப்பவன்! ஒரே வேலைக்கு ஒரே கூலி கேட்டு இருவரும் சேர்ந்து நின்றால் குறைப்பது எப்படி?

இன்னொன்றும் எண்ணிப் பாருங்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வடநாடெங்கும் ஆழ்துளைக் கிணறு தோண்டுகின்றன. நாமக்கல் லாரியோட்டி ஒடிசாச் சாலையோரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு உறங்குகிறான். அவனுக்கு அங்கே யார் காவல்? 1991 டிசம்பரில் பெங்களூரில் காவிரியின் பெயரால் தமிழன் வீடு எரிந்தபோது நம் நெஞ்சு கொதித்ததே! அந்தக் கொதிப்பு உண்மையென்றால், இந்தக் கொட்டகைக்கும் அது பொருந்த வேண்டாமா?

1944-இல் நீதிக் கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது சேலத்தில்தான். சீமான்களின் கட்சியைத் தெருவுக்கு இழுத்து வந்த மாநாடு அது. தெருவுக்கு வந்தோம், தெருவைக் காக்கும் கடமையும் நமதே.

தோழர்களே! ஆலைக் கொட்டகைக்குச் செல்லுங்கள்; அங்கிருப்போரின் பெயரும் ஊரும் அறியுங்கள். உங்கள் தொலைபேசி எண்ணைக் கொடுத்து வாருங்கள். வதந்தி வந்தால் படிப்பகத்திலேயே அதை நிறுத்துங்கள். யார் சொன்னது, யார் கண்டது என்று கேளுங்கள். குற்றம் நடந்தால் பாதிக்கப்பட்ட குடும்பத்தோடு நில்லுங்கள். வழக்கு முடியும்வரை நில்லுங்கள். நீதி கிடைக்கும் என்று நம்பும் ஊர் நெருப்பைத் தேடாது. "பொறுத்திரு" என்று மட்டும் சொல்வது அமைதியல்ல, அடக்கி வைப்பதே!

தீ வைக்க ஒரு கை போதும். காக்க ஊரே வேண்டும். ஊரைத் திரட்டும் வேலை நம்முடையது!