இரண்டு தட்டிலும் இல்லாத பிள்ளை

மனோர் பார்க்கில் சனிக்கிழமைகளில் நடக்கும் தமிழ் வகுப்பு ஒன்றில் எட்டு வருடமாகப் படிப்பிக்கிறேன். அங்கே உள்ள சின்னப் புத்தக அலுமாரியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

போன வருடம் ஒன்பது வயதுப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "ரீச்சர், தமிழ்க் கதையில ஏன் ஒருத்தரும் பஸ்ஸில போறதில்லை?" அலுமாரியைத் திறந்து பார்த்தேன். தமிழ்த் தட்டில் மாட்டுவண்டியும் குளமும். ஆங்கிலத் தட்டில் பஸ் இருந்தது; அவளுடைய பெயர் போல ஒரு பெயர் இல்லை. இரண்டு தட்டிலும் அவள் இல்லை.

இதை ருடீன் சிம்ஸ் பிஷப் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1990இல் எழுதிய கட்டுரையில் விளக்கினார். புத்தகம் பிள்ளைக்குத் தன்னைக் காட்டும் கண்ணாடியாகவும், பிறரைக் காட்டும் ஜன்னலாகவும், உள்ளே போய்வரும் கதவாகவும் இருக்க வேண்டும் என்றார்.

இங்கே நிலைமை என்ன? லண்டனில் இயங்கும் சி.எல்.பி.இ. என்ற எழுத்தறிவு மையம் ஆண்டுதோறும் கணக்கெடுக்கிறது. 2017இல் பிரிட்டனில் வெளியான சிறுவர் நூல்களில் 4 வீதத்தில்தான் வெள்ளையரல்லாத பாத்திரம் இருந்தது. முதன்மைப் பாத்திரமாக இருந்தது 1 வீதத்தில். 2022இல் வெளியான நூல்களில் அந்த 4 வீதம் 30 ஆனது. அடுத்த ஆண்டு 17 ஆகக் குறைந்தது. ஒருமுறை வந்தது நிலைத்துவிடும் என்று நாங்கள் இருந்துவிட முடியாது.

ஆகவே தேடித்தான் எடுக்க வேண்டும். நான் முதலில் பார்ப்பது, கதையில் அந்தப் பிள்ளை தானாக ஏதாவது முடிவெடுக்கிறதா என்பது. தீபாவளிக்கும் துன்பப்படுவதற்கும் மட்டும் வரும் பிள்ளை போதாது.

எங்கே தேடுவது? 1983இல் லண்டனில் தொடங்கிய லெட்டர்பாக்ஸ் லைப்ரரி இத்தகைய நூல்களைத் தேர்ந்தெடுத்து விற்கிறது. மந்த்ரா லிங்குவாவில் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் வரும் படக்கதைகள் உண்டு. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாக வாசிக்கலாம், அச்சிடலாம். இலங்கையில் பிறந்த நிஸ்ரானா ஃபாரூக்கின் 'தி கேர்ள் ஹூ ஸ்டோல் அன் எலிஃபண்ட்' எங்கள் வகுப்பில் கைமாறிக்கொண்டே இருக்கிறது.

ஆனால் எங்களுக்குள்ளும் விடுபட்டவர்கள் உண்டு. சென்னை தூலிகா வெளியிட்ட, ஸாய் விட்டேக்கர் எழுதிய காளி என்ற இருளர் சிறுவனின் கதையில், பாம்பு பிடிக்கும் குடும்பத்துப் பையனோடு பள்ளியில் யாரும் சேரமாட்டார்கள். பத்மா வெங்கட்ராமனின் 'எ டைம் டு டான்ஸ்' ஒரு காலை இழந்த பரதநாட்டியப் பெண்ணின் கதை. இவை எங்கள் வீட்டுக்குள் பார்க்கும் ஜன்னல்கள்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஷியாம் செல்வதுரையின் 'ஸ்விம்மிங் இன் த மான்சூன் சீ' 1980ஆம் ஆண்டுக் கொழும்பில் நடக்கும் இளையோர் நாவல். பதினான்கு வயதுப் பையன் ஒருவன், தன் மனம் ஆண்பிள்ளை ஒருவனிடம் போவதை உணர்கிறான். பெற்றோர் ஒருவர் ஆட்சேபித்தார். நான் வாதாடவில்லை. புத்தகத்தைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன்.

சில வாரங்களுக்குப் பிறகு பெரிய வகுப்புப் பையன் ஒருவன் வந்து, "அந்தக் கொழும்புப் புத்தகம் எங்க, ரீச்சர்?" என்றான். யாரோ கொண்டுபோயிருப்பார்கள் என்று பொய் சொன்னேன். அவன் பாதிதான் வாசித்திருந்தானாம். அதன்பின் கேட்கவே இல்லை. அந்தத் தவணையோடு வகுப்புக்கு வருவதையும் நிறுத்திவிட்டான். காரணம் எனக்குத் தெரியாது.

இப்போது அந்தப் புத்தகம் பெரிய பிள்ளைகளின் தட்டில் இருக்கிறது. ஆட்சேபிக்கும் பெற்றோரிடம், "முதலில் நீங்கள் வாசியுங்கோ, பிறகு கதைப்போம்" என்கிறேன். ஒருவர் வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார். சம்மதம் என்று சொல்லவில்லை. எடுத்துவிடுங்கோ என்றும் சொல்லவில்லை.

அடுத்த முறை ரொம்ஃபோர்ட் ரோட் நூலகத்துக்குப் பிள்ளையோடு போகும்போது, கண்ணாடியாக ஒன்றும் ஜன்னலாக ஒன்றும் எடுங்கள். இல்லாவிட்டால் நூலகரிடம் கேளுங்கள்.