தப்பொலியும் குறுங்காணொளியும்

மலைநாட்டுத் தோட்டங்களிலே தப்பு என்னும் தோற்கருவியை அறியாதார் இலர். முன்னாளில், பொழுது புலருமுன்னே லயன் காம்பிராக்களில் உறங்குவோரை எழுப்பிப் பிரட்டுக்களத்துக்கு அழைத்தது தப்பு. திருவிழாவிலே கரகத்துக்கு முன்னே முழங்கிச் சென்றது தப்பு. காமன் கூத்திலே ஆடுவோர் காலுக்குத் தாளம் தந்ததும், மாண்டவரை வழியனுப்பி வைத்ததும் அதே தப்புத்தான். கருவி ஒன்று, அடி வேறு. மலைச்சரிவில் எங்கோ கொழுந்து பறித்துக் கொண்டிருப்பவளும், காற்றில் வரும் அடியைக் கேட்டமாத்திரத்தே, அது விழா வீடா, இழவு வீடா என்று கூறிவிடுவாள்.

ஒரே கருவியை இடத்துக்கும் வேளைக்கும் ஏற்ப மாற்றி முழக்கும் இந்தக் கலை, இன்று நம் பிள்ளைகளின் கைத்தொலைபேசிக்குள் வேறோர் உருவிற் புகுந்திருக்கிறது. ஒரு நிகழ்ச்சியைச் சில விநாடிகளிற் படம்பிடித்து, அதனையே டிக்டொக்கிலும், யூடியூபிலும், இன்ஸ்டகிராமிலும், பேஸ்புக்கிலும், வட்ஸ்அப்பிலும் வெவ்வேறாக வழங்குகிறார்களே, அதைத்தான் கூறுகிறேன். இஃது எவ்வாறு செய்யப்படுகிறது? இதனால் விளையும் நன்மை யாது? அடி மாறிப்போனால் நேரும் கேடு யாது? கண்டியில் வாழும் நாம் இவற்றை அறிந்திருப்பது, மற்றெவரையும்விட அவசியமாகும். ஏன் என்பதைப் பின்னர் காண்போம்.

குறுங்காணொளியின் வரலாறு

குறுங்காணொளி நேற்றுத் தோன்றியதன்று. 2013ஆம் ஆண்டில் ‘வைன்’ என்றொரு செயலி அமெரிக்காவில் வெளிவந்தது. அதிலே ஆறு விநாடிக்கு மேல் ஒரு காட்சியும் நீளலாகாது. சில ஆண்டுகளில் அது மூடப்பட்டுவிட்டது. ஆயினும் அது காட்டிய வழி மறையவில்லை. சீன நிறுவனமொன்றின் டிக்டொக், 2018 ஆகஸ்டில் ‘மியூசிக்கலி’ என்னும் செயலியைத் தன்னுள் இணைத்துக் கொண்டு உலகெங்கும் பரந்தது. 2020 ஆகஸ்டில் இன்ஸ்டகிராம் ‘ரீல்ஸ்’ என்பதைத் தொடங்கிற்று. அதே ஆண்டு செப்டெம்பரில் யூடியூப் தனது ‘ஷோர்ட்ஸ்’ பகுதியை முதலில் இந்தியாவில் வெள்ளோட்டம் விட்டு, 2021இல் உலகத்துக்கு வழங்கிற்று.

இவை யாவும் ஒரே வார்ப்பில் அமைந்தவை. தொலைக்காட்சிப் படம் அகலத்தில் நீண்டது. இதுவோ தொலைபேசியை நிமிர்த்திப் பிடித்தபடி காணும் உயர்ந்த படம். அகலத்துக்கு ஒன்பது பங்கு, உயரத்துக்குப் பதினாறு பங்கு என்பது இதன் அளவு. அளவு ஒன்றாயிருப்பதாலேயே, ஒரு தளத்துக்கெனச் செய்த காட்சியை மற்றொன்றுக்கும் கொண்டுசெல்லல் எளிதாயிற்று. எளிதாயிற்று என்பதனால் அப்படியே தூக்கி வைத்துவிடலாம் என்று எண்ணலாகாது. ஒவ்வொரு தளமும் ஒவ்வொரு முற்றம். அங்கங்கே கூடியிருக்கும் மக்களும் வேறு.

ஒரு காட்சி, நான்கு முற்றங்கள்

எடுத்துக்காட்டொன்று கூறுவோம். கண்டிக்குத் தெற்கே, 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர மலைப்பக்கத்திலே, ஒரு தோட்டத்தில் வாழும் மாணவி தன் தாத்தா தப்படிப்பதைப் படம்பிடிக்கிறாள் என வைத்துக்கொள்வோம். பெரியவர் முதலில் தப்பைத் தீயிற் காய்ச்சித் தோலை முறுக்கேற்றுகிறார். பின்பு பிரட்டு அடி, விழா அடி, இழவு அடி என ஒவ்வொன்றாக அடித்துக் காட்டி, அவற்றின் வேறுபாட்டையும் விளக்குகிறார். யாவும் சேர்ந்து பத்து நிமிடம். இதனை அவள் என் செய்யலாம்?

முதலாவது, எடுத்த மூலப் பிரதியை எந்தத் தளத்திலும் ஏற்றுமுன் தனியே பாதுகாத்து வைக்கவேண்டும். இது தலையாய விதி. டிக்டொக்கில் ஏற்றிய காட்சியை மீண்டும் இறக்கினால், அதன்மேல் அத்தளத்தின் முத்திரை படிந்து வரும். பிற தளங்களின் முத்திரை தெரியும் காட்சிகளைத் தாம் குறைவாகவே பிறருக்குக் காட்டுவோம் என்று இன்ஸ்டகிராம் 2021இலேயே அறிவித்துவிட்டது. வட்ஸ்அப்பில் வந்ததை எடுத்து வேறிடத்தில் ஏற்றினாலோ படம் மங்கலாயிருக்கும். அனுப்பும்போதே அது காட்சியைச் சுருக்கிவிடுவதே காரணம். ஆகவே மாவைப் பிசைந்து வைத்துக்கொண்டு, வேண்டியபோது வேண்டிய பலகாரத்தைச் சுடுவதே முறை. சுட்ட பலகாரத்தை உடைத்து வேறொன்று செய்ய முயலலாகாது.

இனி டிக்டொக்குக்கு வருவோம். அங்கே வருபவர் விரலால் தள்ளிக்கொண்டே போகும் அவசரக்காரர். முதல் இரண்டு மூன்று விநாடிக்குள் அவரை நிறுத்தியாக வேண்டும். ஆதலின் தீயின்மேல் தப்பைக் காய்ச்சும் காட்சியிலிருந்தே தொடங்கி, ஓர் அடியை மட்டும் முப்பது விநாடிக்குக் காட்டுதல் நன்று. யூடியூபின் இயல்பு வேறு. அது ஒரு நூல்நிலையத்தைப் போன்றது. இன்று வைத்ததை மூன்று ஆண்டு கழித்தும் ஒருவர் தேடி எடுப்பார். 2024 ஒக்டோபர் நடுப்பகுதியிலிருந்து ஷோர்ட்ஸ் காட்சிகள் மூன்று நிமிடம்வரை நீளலாம் என்றாகியிருக்கிறது. ஆகவே மூன்று அடிகளையும் ஒருங்கே வைத்து, ‘மலையகத் தப்பு: மூவகை அடிகள்’ என்று தேடுவோர் காணத்தக்க தலைப்பிடலாம். முழுப் பத்து நிமிடத்தையும் தனியே ஏற்றி, குறுங்காட்சியிலிருந்து அதற்கு வழிகாட்டுவதும் உண்டு.

பேஸ்புக்கிலே உறவினரும், கடல்கடந்து சென்ற தோட்டத்து மக்களும் காண்பர். அங்கே பெரியவரின் பேச்சுக்கு முதலிடம் கொடுக்கலாம். வட்ஸ்அப் குடும்பக் குழுவுக்கோ, இரைச்சலில்லாத ஒரு நிமிடம் போதும். அதனுடன் இரண்டு வரி விளக்கமும் எழுதி அனுப்பவேண்டும்.

வேறு சில நுணுக்கங்களும் உள. பேருந்திலும் அலுவலகத்திலும் ஒலியை அடக்கிக் காண்பவர் பலர். ஆதலின் பேச்சை எழுத்திலும் தருதல் வேண்டும். கண்டியிலே தமிழோடு சிங்களத்திலும் அவ்வெழுத்தைத் தருவோமாயின், பக்கத்து வீட்டாரும் நம் தாத்தாவின் கலையை உணர்வர். அவ்வெழுத்தைப் படத்தின் அடியிலும் வலப்புறத்திலும் வைக்கலாகாது. அங்கே தளத்தின் சொந்தப் பொத்தான்கள் வந்து மறைத்துவிடும். ஒரு தளம் தன் பெட்டியிலிருந்து எடுத்துத்தரும் சினிமாப் பாட்டை, அதன் எல்லைக்கு வெளியே கொண்டுபோனால் உரிமைச் சிக்கல் எழலாம். தாத்தாவின் தப்பொலிக்கு அந்தக் கவலை இல்லை. பிறர் எடுத்த காட்சியைத் தம்முடையதுபோல் வெட்டி ஒட்டுவோர், இந்நாட்டின் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டம் பிறர் ஆக்கங்களைப் பாதுகாக்கிறது என்பதை நினைவிற் கொள்வாராக.

இவ்வளவும் நன்மைப் பக்கம். ஓர் ஏழைத் தொழிலாளியின் கலை, அச்சகத்தையும் தொலைக்காட்சி நிலையத்தையும் எதிர்பாராமல் உலகை அடைகிறது. ஆயினும் இதே வழியிலே வேறொன்றும் பயணம் செய்தது. அதனைக் கண்டி மறக்கலாகாது.

கண்டி கண்ட துயரம்

2018 பெப்ரவரி 26ஆந் திகதி இரவு, கிழக்கே அம்பாறையிலுள்ள ஒரு முஸ்லிம் உணவகத்தில், உணவில் ஏதோ கட்டியாயிருப்பதைக் கண்ட சிலர் சச்சரவு செய்தனர். சிங்களவரை மலடாக்கும் மாத்திரையைக் கலந்தாயா என்று கடைக்காரரைச் சூழ்ந்துகொண்டு கேட்டனர். அவருக்குச் சிங்களம் சரிவரத் தெரியாது. கேள்வி விளங்காத நிலையிலும், அச்சத்திலும், ஆமெனப் பொருள்படும் ஏதோவொன்றைத் தடுமாறிக் கூறினார். அந்தச் சில விநாடிகளை ஒருவர் தொலைபேசியிற் பதிவுசெய்தார். அது பேஸ்புக்கில் ஏற்றப்பட்டது. ‘ஒப்புக்கொண்டுவிட்டான்’ என்ற தலைப்புரையோடு கை மாறிக் கை மாறி, குழு விட்டுக் குழு பாய்ந்தது. கேள்வி அவருக்கு விளங்கவில்லை என்னும் உண்மை மட்டும் அதனுடன் செல்லவில்லை.

அதற்கு நான்கு நாள் முன்னதாக, அம்பாறையோடு யாதொரு தொடர்புமின்றி, கண்டிக்குக் கிழக்கே தெல்தெனியாவில் வீதித் தகராறொன்றிலே முஸ்லிம் இளைஞர் சிலர் ஒரு சிங்கள லொறிச் சாரதியைத் தாக்கியிருந்தனர். மார்ச் மாதத் தொடக்கத்தில் அவர் உயிர் துறந்தார். வருந்தத்தக்க மரணம், சட்டம் விசாரிக்கவேண்டிய குற்றம். ஆனால் தொலைபேசித் திரையிலே இவ்விரு நிகழ்ச்சிகளும் ஒன்றாய்ப் பின்னப்பட்டன. ஒரு தனிக்குற்றம் ஓரினத்தின் சதியாய் உருமாறிற்று. மக்களைத் திரண்டு வருமாறு தூண்டும் காட்சிகளும் தொடர்ந்து பரவின. மார்ச் 4ஆந் திகதியிலிருந்து தெல்தெனியா, திகன, அவற்றை அடுத்த ஊர்கள் எனக் கண்டி மாவட்டத்தின் பலவிடங்களில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன, உயிர்களும் பலியாயின. அயலவரைக் காக்க முன்னின்ற பிக்குமாரும் சிங்கள மக்களும் இருந்தனர் என்பதையும் கூறியேயாக வேண்டும்.

மார்ச் 6ஆந் திகதி நாடெங்கும் அவசரகாலநிலை பிரகடனம் செய்யப்பட்டது. மறுநாள் பேஸ்புக், வட்ஸ்அப், இன்ஸ்டகிராம், வைபர் ஆகியன தடுக்கப்பட்டன. ஏறத்தாழ ஒரு வாரம் அத்தடை நீடித்தது. அரச பகுப்பாய்வாளர் பின்னர் அந்த உணவைச் சோதித்தபோது, கண்ட கட்டி வெறும் மாவே என்பது தெரிந்தது. ஒரு பிடி மாவும், சில விநாடிக் காட்சியும், விளங்காத ஒரு கேள்வியும்! தன் தளம் வன்முறைக்குத் துணைபோனமைக்கு பேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கோரிற்று. எரிந்த வீடுகளுக்கு இரண்டு ஆண்டு கழித்து வந்த சொல் அது.

வட்ஸ்அப்பும் சில வேலிகளை இட்டது. பிறர் அனுப்பியதை மீண்டும் அனுப்பினால் அது அவ்வாறு வந்ததே என்னும் குறி 2018 ஜூலையிலிருந்து தோன்றிற்று. ஒரே வேளையில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்பலாகாது என்னும் வரம்பு 2019 ஜனவரியில் உலகெங்கும் வந்தது. பலமுறை கைமாறியவற்றை ஒரு நேரத்தில் ஓரிடத்துக்கே அனுப்பலாம் என்பது 2020 ஏப்ரலில் ஏற்பட்டது. வேலிகள் நல்லனவே, ஆயினும் பயிரைக் காப்பது உழவனின் கண் அல்லவா?

கூடவே செல்லவேண்டிய மூன்று

ஒரு காட்சி தளம் விட்டுத் தளம் மாறும்போது நீளம் குறையலாம், தலைப்பு மாறலாம், இசை மாறலாம். ஆனால் மூன்று பொருள்கள் அதனை விட்டுப் பிரியவே கூடாது.

ஒன்று, காலம். என்றைக்கு எடுத்தது என்பதைப் படத்தின்மேலேயே பொறித்து விடவேண்டும். தலைப்புரை உதிர்ந்துபோகும், பொறித்தது நிற்கும். மற்றொன்று, இடம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது, கண்டி மாவட்டத்திலே மண்சரிவுகளால் எத்தனை உயிர்களை இழந்தோம்! அத்தகைய வேளையில் எங்கோ, என்றோ நிகழ்ந்த மண்சரிவொன்றின் காட்சியை இன்றையதென ஒருவர் அனுப்புவாராயின், வெளியூரிலுள்ள மகன் பதைபதைப்பான். மீட்க வருபவர் வீண் வழி செல்வர்.

மூன்றாவது, பேச்சின் முன்னும் பின்னும். யார், யாரிடம், எந்த மொழியில், எதைக் கேட்டதற்கு இவ்விடை கூறினார் என்பது தெரியாத காட்சியை வெட்டவும் கூடாது, அனுப்பவும் கூடாது. இரு மொழிகளுக்கிடையே தடுமாறும் துன்பம் தமிழ் பேசுவோராகிய நமக்குப் புதியதன்று. பொலிஸ் நிலையத்திலும் வைத்தியசாலையிலும் விளங்காத கேள்விக்குத் தலையாட்டிவிட்டு வந்தவர் நம்மிலே எத்தனை பேர்! அம்பாறைக் கடைக்காரரின் இடத்தில் நம் தந்தையை ஒருகணம் நிறுத்திப் பார்த்தால், மூன்றாவது விதியின் அருமை விளங்கும்.

பெற்றோர்க்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகளின் தொலைபேசியைப் பறித்து வைப்பதால் மட்டும் இப்பாடம் வராது. குடும்பக் குழுவுக்கு முதலில் ஐயுறத்தக்க காட்சிகளை அனுப்புபவர் பல வேளைகளில் மாமாவும் பெரியம்மாவுமே என்பதைச் சொன்னால் சினங்கொள்ள மாட்டீர்கள் என நம்புகிறேன். காட்சி வந்ததும், ‘இது எப்போது எடுத்தது? எங்கே எடுத்தது? முழுவதும் இவ்வளவுதானா?’ என்று வீட்டில் எல்லோரும் கேட்கப் பழகுவோமாயின், பிள்ளைகள் அதைக் கண்டே கற்பர்.

தப்படிக்கும் பெரியவர் தம் பேரனுக்குக் கோலைக் கொடுக்குமுன் முதலிற் கற்பிப்பது, எங்கே எந்த அடி என்பதைத்தான். மணவீட்டு வாயிலில் இழவு அடியை அடிப்பவன் கைத்திறன் மிக்கவனாயினும், அவனை ஊர் கலைஞனென்று ஏற்காது. ஊரையே ஒரு கணத்தில் எழுப்பவல்ல கருவி இன்று நம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது. அடிக்குமுன் அடியை அறிவோமாக.