மணி ஏழாச்சே, அண்ணி!

இந்தப் பகுதியில் சகோதரிகள் எழுதும் அனுபவங்களை வாராவாரம் விடாமல் படிப்பவள் நான். பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திவிட்டு வீட்டைக் கவனிக்கும் எனக்கு, ஊருக்குச் சொல்ல என்ன இருக்கிறது என்று இத்தனை நாள் சும்மா இருந்தேன். 2025 மே மாதம் அமெரிக்கா போய் வந்தபோது கற்றுக்கொண்ட பாடம், அங்கே மகன், மகள் வீட்டுக்குப் போகும் சகோதரிகளுக்குப் பயன்படுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் நாத்தனார் அட்லாண்டாவில் இருக்கிறாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. பெரும்பாலும் நைட் டியூட்டி. "அண்ணி, பிள்ளைங்களுக்கு லீவு விட்டதும் அம்மாவையும் கூட்டிக்கிட்டு எல்லாரும் வாங்க. ஃபுளோரிடாவுல டிஸ்னி வேர்ல்டு போயிட்டு வரலாம்" என்று ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக் கொண்டிருந்தாள். அவள் வீட்டிலிருந்து காரில் ஏழு மணி நேரம். டிஸ்னிக்கே சொந்தமான ஓட்டலில், இருப்பதிலேயே வாடகை குறைந்ததாகப் பார்த்து இரண்டு அறை எடுத்திருந்தாள். மே 20 முதல் 24 வரை. அவர்கள் மூன்று பேர், நாங்கள் ஐந்து பேர், ஆக மொத்தம் எட்டுப் பேர்.

ஜனவரியில் ஒருநாள் போனில், "அண்ணி, சாப்பாட்டுக்கு இப்பவே யோசிக்கணும். அங்க நல்ல ஓட்டல்ல உட்கார்ந்து சாப்பிடணும்னா 60 நாளைக்கு முன்னாடியே டேபிள் பிடிச்சு வைக்கணும்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாப்பாட்டுக்கு 60 நாள் முன்பதிவா? கல்யாண மண்டபமா பிடிக்கிறோம்! ஆனால் 2020-க்கு முன்பு இதுவே 180 நாளாக இருந்ததாம். அதைக் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

யோசித்துப் பார்த்தால் நமக்கு இது புதிதல்ல. நம் ரயிலுக்கும் 2024 நவம்பர் முதல் 60 நாள் முன்பதிவுதானே! பொங்கல் டிக்கெட்டுக்குக் காலை எட்டு மணிக்கு எல்லோரும் காத்திருந்து, கண் மூடித் திறப்பதற்குள் தீர்ந்து போகிறதே, அதே கதைதான். ஒரே ஒரு வித்தியாசம். ரயிலில் ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியாகக் காத்திருக்க வேண்டும். டிஸ்னியின் சொந்த ஓட்டலில் தங்குகிறவர்கள், போய்ச் சேரும் நாளுக்கு 60 நாள் முன்பு உட்கார்ந்தால், தங்கும் நாள் அத்தனைக்கும் (பத்து நாள் வரை) ஒரே மூச்சில் போட்டுவிடலாம். வெளியில் தங்குகிறவர்கள்தான் ஒவ்வொரு நாளாகக் கணக்குப் பார்க்க வேண்டும்.

எங்களுக்கு இரண்டு கவலைகள் இருந்தன. ஒன்று, என் மாமியார். வயது 68, சர்க்கரை உண்டு, சுத்த சைவம், முட்டை கூடத் தொடமாட்டார். பன்னிரண்டரைக்குச் சாப்பாடு வயிற்றுக்குள் போகவில்லை என்றால் கை நடுங்க ஆரம்பித்துவிடும். இன்னொன்று, என் எட்டு வயது மகள். அங்கே மேஜிக் கிங்டம் என்ற பூங்காவின் நடுவில் சிண்ட்ரெல்லா கோட்டை இருக்கிறது. அதற்குள்ளேயே ஓர் உணவகம். சாப்பிடும்போது கதையில் வரும் இளவரசிகள் மேஜைக்கு வந்து பேசுவார்கள். இதை அவள் அத்தை போனில் காட்டிவிட்டாள். அன்றிலிருந்து அவளுக்கு அதே பேச்சு. "அம்மா, கண்டிப்பா போவோமா?" என்று தினம் கேட்பாள். நானும் யோசிக்காமல் "கண்டிப்பா போவோம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

முன்பதிவு அங்கே காலை ஆறு மணிக்குத் திறக்கும். நாத்தனாருக்கு அது டியூட்டி நேரம், போனைத் தொட முடியாது. "அண்ணி, என் கணக்கு, பாஸ்வேர்டு எல்லாம் தர்றேன். கார்டு நம்பரும் அதுலயே இருக்கு. நீங்களே போட்டுடுங்க. நம்ம ஊருக்கு அது சாயங்காலம் நாலரை மணி" என்றாள். எனக்குப் பயமாக இருந்தது. எங்க வீட்டுக்காரரோ, "உனக்கு இங்கிலீஷ்ல தட்டத் தெரியுமா? தப்பா எதையாவது அமுக்கி வச்சிடாதே" என்றார். அதைக் கேட்டதும் ரோஷம் வந்துவிட்டது. பார்த்துவிடுவோம் என்று, தினசரி காலண்டரில் மார்ச் 21 தாளில் "4.30 டேபிள்" என்று பேனாவால் எழுதி வைத்தேன்.

அன்று பிள்ளைகளுக்குக் கூட முன்கூட்டியே டிபன் எடுத்து வைத்துவிட்டு, நாலு இருபதுக்குப் போனுடன் உட்கார்ந்தேன். திறந்தால், முன்பதிவு ஏற்கெனவே நடந்து கொண்டிருந்தது! கோட்டை உணவகத்தில் எட்டுப் பேருக்கு எந்த நாளும் இல்லை. ஆறு பேருக்கு இல்லை. நாலு பேருக்கும் இல்லை. என்ன தப்பு செய்தேன் என்றே புரியவில்லை. கை பதற நாத்தனாருக்குப் போன் போட்டேன். அப்போதுதான் டியூட்டி முடித்து வெளியே வந்திருந்தாள்.

"அண்ணி, இங்க மணி ஏழாச்சே!"

விஷயம் இதுதான். அமெரிக்காவில் மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துவிடுவார்கள். நவம்பரில்தான் மறுபடி பின்னால் இழுப்பார்கள். அவள் ஜனவரியில் சொன்னபோது நாலரை சரி. மார்ச் 9-க்குப் பிறகு அது மூன்றரை. அவளும் மறந்துவிட்டாள், எனக்கோ அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஒரு மணி நேரத்தில் என் வாக்கு போய்விட்டது.

அழுகையாக வந்தது. ஆனால் மாமியாரின் சாப்பாட்டையாவது பார்ப்போம் என்று அடுத்ததைத் தேடினேன். நாத்தனார் முன்பே சொல்லி வைத்த இடம் சனா. டிஸ்னியின் அனிமல் கிங்டம் லாட்ஜ் என்ற ஓட்டலில் இருக்கிறது. ஓட்டலில் இருப்பதால் பூங்கா டிக்கெட் இல்லாமலே போகலாம். எட்டுப் பேருக்கு ஒரே மேஜை இல்லை. நாலு பேர், நாலு பேராகப் பிரித்துக் கேட்டேன். மே 22, பகல் பன்னிரண்டுக்கு இரண்டு மேஜையும் கிடைத்துவிட்டன. என் இரண்டரை வயது மகனையும் ஒரு ஆளாகத்தான் சேர்க்க வேண்டும். மூன்று வயதுக்குள் இருந்தால் பூங்கா டிக்கெட் கிடையாது; ஆனால் மேஜைக் கணக்கில் அவனும் ஒரு தலை.

மகளிடம் மட்டும் எதுவும் சொல்லவில்லை. ஏனென்றால் நாத்தனார் ஒரு வழி சொன்னாள். "நிறைய பேர் ரெண்டு மூணு இடத்துல போட்டு வச்சிருப்பாங்க. வராம போனா ஆளுக்கு 10 டாலர் கார்டுல பிடிச்சிடுவாங்க. அதனால கிளம்புற சமயத்துல வேண்டாததை ரத்து பண்ணுவாங்க. பாத்துக்கிட்டே இருங்க அண்ணி." பெரும்பாலான இடங்களில் இரண்டு மணி நேரம் முன்பு வரை ரத்து செய்யலாமாம்.

அன்று முதல் தினமும் மதியம் பாத்திரம் கழுவி முடித்ததும் போனைப் பார்ப்பேன். "ஏம்மா, எப்பப் பாத்தாலும் போனு போனுன்னு அதையே நோண்டிக்கிட்டு இருக்கியே" என்று மாமியார் சலித்துக் கொள்வார். காரணத்தைச் சொன்னால் பேத்தியிடம் உளறிவிடுவாரோ என்று வாயைத் திறக்கவில்லை. ஒன்றும் கிடைக்காமலே விமானம் ஏறினோம்.

ஆர்லாண்டோ போய்ச் சேர்ந்தோம். முதல் இரண்டு நாள் மத்தியானம் நாங்கள் எங்கும் முன்பதிவு செய்யவில்லை. பூங்காவுக்குள் நாம் சாப்பிடுவதற்கு உணவு எடுத்துப் போக அனுமதி உண்டு. கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் மட்டும் கூடாது, சூடு செய்ய வேண்டியதாகவும் இருக்கக் கூடாது. அட்லாண்டாவிலிருந்தே புளியோதரை, சப்பாத்தி, தக்காளித் தொக்கு கட்டிக்கொண்டு போனோம். அறையில் இருந்த குட்டி ஃபிரிட்ஜில் தயிர் வாங்கி வைத்தோம். உள்ளே சாப்பாட்டுக் கவுண்டர்களில் கேட்டால் ஐஸ் தண்ணீர் இலவசம். மாமியாருக்கு நேரம் தவறவில்லை.

22-ம் தேதி சனா போனோம். ஜன்னலுக்கு வெளியே புல்வெளியில் ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் மேய்ந்து கொண்டிருக்க, மேஜைக்குச் சுடச்சுட நான், குல்சா வகைகள் வந்தன. தொட்டுக்கொள்ள மட்டும் ஒன்பது வகை. ரைத்தா, மாங்காய்ச் சட்னி, புளிச் சட்னி, கொத்தமல்லிச் சட்னி என்று வரிசையாக. அமெரிக்கா வந்ததிலிருந்து வாயைத் திறந்து ஒரு சாப்பாட்டைப் பாராட்டாத மாமியார், "இதை வச்சவன் நம்ம பக்கத்து ஆளாத்தான் இருப்பான்" என்றார். பரிமாறிய பெண்ணுக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் அவரும் சிரித்தார். அந்த ஒரு சாப்பாட்டுக்காகவே 60 நாள் முன்பு உட்கார்ந்தது தகும் என்று தோன்றியது.

அன்று இரவு ஒன்பதரை மணி. எல்லோரும் கால் வலியோடு படுத்துவிட்டார்கள். பழக்க தோஷத்தில் போனைப் பார்த்தேன். கோட்டை உணவகம், மறுநாள் மதியம் 2.10, இரண்டு பேருக்கு! யோசிக்காமல் அமுக்கிவிட்டேன். அதன் பிறகுதான் மனசு அடித்துக்கொண்டது. பெரியவர்களுக்கு ஆளுக்கு 60 டாலருக்கு மேல், பிள்ளைகளுக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு பேருக்கும் சேர்த்து நம் பணத்தில் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு! அதுவும் நாத்தனார் கார்டில்.

காலையில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். "ரெண்டே சீட்டுதான் கிடைச்சிருக்கு. அத்தை, நீங்க பேத்தியோட போயிட்டு வாங்க. பணத்தை நாங்க குடுத்திடறோம்." அப்போதுதான் நான் தினமும் போனில் என்ன பார்த்தேன் என்று நாத்தனார் அவள் அம்மாவிடம் சொன்னாள். மாமியார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "ரெண்டு மாசமா காத்துக் கிடந்தவ நீ. நீயே போ. எனக்கு நேத்துச் சாப்பிட்டதே போதும். அந்தப் பணத்தை என் பங்குல குடுக்கறேன்" என்றார். தன் சுருக்குப்பையில் இருந்த பென்ஷன் பணத்தை ஊருக்கு வந்ததும் என் கையில் எண்ணி வைத்தார் என்றால் நம்புவீர்களா?

கோட்டையில் கீழே சிண்ட்ரெல்லா நின்று வரவேற்றாள். மேலே மற்ற இளவரசிகள் மேஜை மேஜையாக வந்து பேசினார்கள். என் மகள் சாப்பாட்டையே மறந்து உட்கார்ந்திருந்தாள். சாப்பாடு பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் "அம்மா, நீ சொன்ன மாதிரியே கூட்டிட்டு வந்துட்டே" என்று அவள் சொன்னபோது எனக்கு வயிறு நிறைந்துவிட்டது.

போகப் போகும் சகோதரிகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்:

எல்லா வேளைக்கும் 60 நாள் முன்பு ஓடத் தேவையில்லை. பிள்ளைகள் உயிரை விடும் ஒரு இடம், பெரியவர்கள் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட ஒரு இடம், இந்த இரண்டை மட்டும் 60-வது நாள் காலை ஆறு மணிக்கே பிடியுங்கள். மற்றதற்குக் கட்டுச்சோறும், அன்றன்று போனிலேயே ஆர்டர் கொடுத்து வாங்கும் கவுண்டர் சாப்பாடும் போதும்.

மார்ச் முதல் நவம்பர் தொடக்கம் வரை அங்கே காலை ஆறு என்றால் நமக்கு மதியம் 3.30. மற்ற மாதங்களில் 4.30. என்னைப் போல் ஏமாறாதீர்கள்.

கிடைக்க அரிதான இடத்தை, தங்கும் கடைசி நாளில் தேடுங்கள். அந்த நாளுக்கு வெளியில் தங்குகிறவர்கள் இன்னும் போட ஆரம்பித்திருக்க மாட்டார்கள்.

பெரிய கூட்டமாக இருந்தால் இரண்டு மேஜையாகப் பிரித்துக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் முதல் நாள் இரவு மறுபடி பாருங்கள். உங்களுக்கு வேண்டாததை நீங்களும் நேரத்தோடு ரத்து செய்யுங்கள். உங்களைப் போல ஒரு தாய் எங்கோ காத்திருப்பாள்.

சைவம் என்று மட்டும் சொன்னால் முட்டை இருக்கலாம். முட்டையும் கூடாது என்று முன்பதிவிலும் சொல்லுங்கள், பரிமாறுபவரிடமும் சொல்லுங்கள். அங்கே மெனுவில் இலைப் படம் போட்டிருந்தால் அதில் கறி, முட்டை, பால் எதுவும் இல்லை என்று அர்த்தம்.

இப்போது ஊரில் ரயில் டிக்கெட் போடுவதும் நான்தான். "தப்பா அமுக்கிடாதே" என்று எங்க வீட்டுக்காரர் சொல்வதில்லை.

– ஒரு வாசகி, துறையூர்.