காந்தத்துக்கு முளைத்த மீசை

பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் வீட்டில் கிடக்கிறதா? அதை ஒரு பாலிதீன் பைக்குள் போட்டுக்கொண்டு, தர்மபுரி மாவட்டம் அரூர் பக்கம் இருக்கும் தீர்த்தமலைக்கு வாருங்கள். மலையேறி ராமர் தீர்த்தத்தைப் பார்ப்பதற்கு முன், அடிவாரத்தில் மழைத்தண்ணீர் ஓடிய தடத்தில் உட்காருங்கள். மணலில் காந்தத்தை மெல்ல இழுங்கள். கறுப்புத் துகள்கள் ஒட்டிக்கொண்டு, காந்தத்துக்கு மீசை முளைக்கும்!

அந்தத் துகள்கள் பெரும்பாலும் மேக்னடைட். இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமம் அது. இந்த மலைப் பாறைகளில் குவார்ட்ஸோடு கலந்து கிடக்கிறது. பாறை உதிர்ந்து மணலான பிறகும் தாயின் ஜாடை போகவில்லை, பார்த்தீர்களா?

கடல் தாண்டிப் பறந்து வரும் பாலைவனத் தூசுக்கும் இப்படி ஜாடை உண்டு. குவார்ட்ஸும் களிமண்ணும் அதில் இருப்பதால் சிலிக்கான், அலுமினியம் நிறைய இருக்கும். செம்பழுப்பு நிறம் இரும்பு தந்தது. அரேபியத் தூசு என்றால் சுண்ணாம்புக்கல் பொடியும் தாராளம்.

இந்த ஜாடை தெரிந்தால் துப்பறியலாம். 2001 ஜூலையில் கேரளத்தின் கோட்டயம் பகுதியில் மழை ரத்தச் சிவப்பாகப் பெய்தது. அரேபியப் பாலைவனத் தூசுதான் கலந்துவிட்டது என்று சிலர் நினைத்தார்கள். ஆய்வகத்தில் பார்த்தால், சிவப்புத் துகள்களில் இருந்தவை பெரும்பாலும் கார்பனும் ஆக்சிஜனும். மண்ணின் ஜாடையே இல்லை! நுண்ணோக்கி மிச்சத்தைச் சொன்னது: அவை டிரென்டிபோலியா என்ற பாசியின் வித்துகள்.

நிஜமாகவே கடல் தாண்டும் தூசு வேண்டுமா? ஆப்பிரிக்காவின் சாட் நாட்டில், சகாரா பாலைவனத்துக்குள் போடெலே என்ற பள்ளம் இருக்கிறது. முன்பு பெரிய ஏரியாக இருந்து வற்றிப்போன இடம். அந்த ஏரியில் வாழ்ந்து மடிந்த நுண்ணுயிர்களின் மிச்சம் அங்கே பொடியாகக் கிடக்கிறது. அதனால் அந்தத் தூசில் பாஸ்பரஸும் உண்டு. சகாராவிலிருந்து அட்லாண்டிக்கைக் கடந்து ஆண்டுக்குச் சுமார் 2.8 கோடி டன் தூசு அமேசான் காட்டில் விழுகிறது என்று 2015-ல் நாசா செயற்கைக்கோள் தரவுகளை வைத்துக் கணக்கிட்டார்கள். அதில் பாஸ்பரஸ் மட்டும் சுமார் 22,000 டன். அமேசான் மண்ணிலிருந்து மழை அடித்துக்கொண்டு போகும் பாஸ்பரஸும் ஏறக்குறைய அவ்வளவுதான்!

நிலக்கடலைக்கு அப்பா உரக்கடையில் சூப்பர் பாஸ்பேட் மூட்டை வாங்குவாரே, அதில் இருப்பதும் இதே பாஸ்பரஸ்தான். அமேசானுக்குக் காற்றே மூட்டை தூக்குகிறது.