அம்மாவின் விதைக் கடகம்

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பக்கமாக நடந்தபோது, அம்மாவின் தலையில் ஒரு கடகம் இருந்தது. அதற்குள் உடுப்பும் இல்லை, நகையும் இல்லை. விதைத்து மிஞ்சிய மொட்டைக்கறுப்பன் நெல்தான் இருந்தது. “உதை ஏனம்மா காவுறியள்?” என்று சினந்தேன். அம்மா பேசாமல் நடந்தார்.

தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தோம். மூன்றாம் கிழமை அந்த நெல்லைக் குற்றிக் கஞ்சி காய்ச்சினோம். பிள்ளைகள் குடித்தார்கள். அம்மா குடிக்கவில்லை.

1996இல் ஊர் திரும்பியபோது வயல் பற்றையாகக் கிடந்தது. இடப்பெயர்வுக்கு முந்திய வருடம் மட்டுவிலில் இருந்த மாமிக்கு நாலு கொத்து விதைநெல் கொடுத்தது அம்மாவுக்கு நினைவு வந்தது. மாமி விதைத்துப் பெருக்கியிருந்தார். அதில் ஒரு பங்கு எங்களிடம் திரும்பி வந்தது. 2000ஆம் ஆண்டு தென்மராட்சியில் சண்டை மூண்டபோது மாமி வெறுங்கையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அடுத்த விதைப்புக்கு எங்கள் நெல் அவருக்குப் போனது.

இதை எங்கள் வீட்டுக் கதை என்றுதான் நினைத்திருந்தேன். 2022இல் கோதுமை மா விலை ஏறி, பாண் வாங்க யோசித்த நாட்களில், விவசாயம் படித்த என் மகள் சிரியாவின் கதையைச் சொன்னாள்.

அலெப்போ நகருக்கு அருகே இக்காடா என்ற ஆராய்ச்சி நிலையம் இருந்தது. வறண்ட நாடுகளின் கோதுமை, பார்லி, பருப்பு விதைகளையும் அவற்றின் காட்டு உறவுகளையும் அங்கே குளிரறைகளில் காத்தார்கள். போர் வந்தது. நல்லவேளையாக, 2008இல் திறக்கப்பட்ட நோர்வேயின் சுவால்பார்ட் விதைக் களஞ்சியத்துக்கு அவர்கள் பிரதிகளை அனுப்பி வைத்திருந்தார்கள். 2015இல் அந்தப் பெட்டிகளிற் சிலவற்றை மீட்டெடுத்து, லெபனானிலும் மொரோக்கோவிலும் விதைத்துப் பெருக்கினார்கள். 2017இல் புதிய விதையைத் திருப்பியும் கொடுத்தார்கள். அம்மாவும் மாமியும் செய்ததுதான்!

காட்டுப் புல்லை ஏன் காக்க வேண்டும்? நாம் தின்னும் பாண் கோதுமை, ஏறத்தாழ எண்ணாயிரம் முதல் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன், பயிரிட்ட கோதுமையும் ஆட்டுப்புல் எனும் காட்டுப்புல்லும் தாமாகக் கலந்து பிறந்தது. சில செடிகளிலிருந்தே பெருகியதால் அதற்குள் வேறுபாடு குறைவு. வறட்சியைத் தாங்கும் குணங்கள் பல காட்டிலேயே நின்றுவிட்டன. மெக்சிக்கோவிலுள்ள சிமிற் நிலையத்தார் 1980களில் அந்தக் கலப்பை மீண்டும் கையால் செய்யத் தொடங்கினார்கள். கலப்பில் உண்டான கரு விதைக்குள் வாடிவிடும். அதனால் அதை எடுத்துக் குப்பியில் வளர்த்தார்கள். வளர்ந்த செடி மலடு. அதன் நிறமூர்த்தங்களை இரட்டிக்கச் செய்தால் மணி பிடிக்கும். இதற்குப் பயன்படும் கொல்கிசின் எங்கள் வேலியோரக் கார்த்திகைப் பூக் கிழங்கிலும் இருக்கிற நஞ்சு. (பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள்.) அப்படிக் கிடைத்த செடியை நல்ல கோதுமையோடு மறுபடி மறுபடி கலந்து, வறண்ட நிலத்தில் விதைத்துத் தெரிவு செய்வார்கள். பல ஆண்டு வேலை. இக்காடாவும் சிரியாவின் காட்டுப்புல் ஒன்றைத் துரும் கோதுமையோடு கலந்து ‘ஜபல்’ என்ற இனத்தைத் தந்திருக்கிறது. மொரோக்கோவின் வறட்சியிலும் அது மணி பிடித்தது.

யாழ்ப்பாணத்தில் கோதுமை விளையாது. ஆனால் இலங்கையில் மட்டுமே உள்ள காட்டுநெல் ஒன்று உலர்வலயத்தில் வளர்கிறது. கோடையில் மேலே காய்ந்து, நிலத்தடித் தண்டிலிருந்து மழைக்குத் தளிர்க்கும். அதன் பெயர் ஒரைசா ரைசோமட்டிஸ். புல்லென்று செருக்கி எறிந்தால் போய்விடும்.

மொட்டைக்கறுப்பன் புதிய இனங்கள் அளவுக்கு விளையாது, உண்மை. எங்கள் வயலுக்கு வானம்தான் வாய்க்கால். மழை பின்னடித்த வருடங்களிலும் அது எங்களை முற்றாகக் கைவிட்டதில்லை. அதனால் ஒரு துண்டு அதற்கென்றே விடுகிறேன். அறுவடைக்கு முன் வேற்றினக் கதிர்களைப் பிடுங்கிவிடுவேன். விதைநெல்லைப் பல்லில் கடித்தால் ‘டக்’கென்று உடையும்வரை காயவைத்து, வேப்பிலை போட்டுக் கட்டுவேன்.

இம்முறை மூன்று மூட்டை கட்டினேன். ஒன்று எங்கள் வீட்டில், ஒன்று மட்டுவிலில் மாமியின் மருமகளிடம், மற்றது கிளிநொச்சியில் மகளிடம். மூட்டையை வாங்கும்போது மகள் ஒன்றும் கேட்கவில்லை.