பழைய செப்புக் காசு: எடைக்கு என்ன பெறும்?

நன்னிலம் வட்டாரத்தில் பழைய ஓட்டு வீட்டைப் பிரித்தாலும், பாட்டி காலத்துப் பெட்டியைத் திறந்தாலும் ஒரு சுருக்குப்பை நிறையக் காலணா கிடைப்பது உண்டு. "இது என்ன விலை போகும்?" என்று மக்கள் கேட்பது கடைக்காரர்களாகிய நம்மிடம்தான். தராசு நம்மிடம் இருக்கிறது. கணக்கும் கடினமில்லை.

செம்பு கிலோ 800 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். தேய்மானம் இல்லாத காசுக்கு உலோக மதிப்பு வருமாறு:

1835 முதல் 1906 வரை வந்த செப்புக் காலணா: எடை 6.48 கிராம். கிலோவுக்கு 154 காசு. ஒன்று ரூ. 5.18.
1906-க்குப் பின் வந்த வெண்கலக் காலணா: 4.86 கிராம். கிலோவுக்கு 205. ஒன்று ரூ. 3.89.
1943 முதல் 1947 வரை வந்த ஓட்டைக் காலணா: சுமார் 2 கிராம். கிலோவுக்கு 500. ஒன்று ரூ. 1.60.
1957 முதல் 1962 வரை வந்த வெண்கல ஒரு நயா பைசா: 1.5 கிராம். கிலோவுக்கு 666. ஒன்று ரூ. 1.20.

வெண்கலத்தில் வெள்ளீயமும் துத்தநாகமும் கலந்திருப்பதால் பழைய உலோகக் கடையில் சுத்தச் செம்பின் விலை கிடைக்காது. நாச்சியார்கோவில் குத்துவிளக்குப் பட்டறைக்கு ராஜா தலையும் ஒன்றுதான், ராணி தலையும் ஒன்றுதான். அங்கே எடைதான் பேசும்.

காசு ஏன் இப்படி இளைத்துக்கொண்டே வந்தது? ஒரு ரூபாய்க்கு 64 காலணா. அந்தக் கணக்கில் 1835-ஆம் ஆண்டுக் காசு ஒரு கிலோ சேர்ந்தால் முக மதிப்பு 2 ரூபாய் 6½ அணா. ஓட்டைக் காலணாவோ ஒரு கிலோ 7 ரூபாய் 13 அணா. வெளியில் செம்பின் விலை முக மதிப்பைத் தாண்டினால் காசு கல்லாவில் தங்காது, உலைக்குப் போய்விடும். அதனால்தான் போர்க்காலத்தில் நடுவில் ஓட்டை போட்டார்கள். 1965-இல் ஒரு பைசா 0.75 கிராம் அலுமினியமாயிற்று. சில்லறையை உருக்குவதையும் பதுக்குவதையும் தடுக்க 1971-இல் தனிச் சட்டமே வந்தது. சில்லறை இல்லாமல் மிட்டாய் கொடுத்துச் சமாளித்தவர்கள் நாம். அந்தச் சிரமத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இனி, சேகரிப்போர் தரும் விலை. பழசு என்பதாலேயே அரிது ஆகிவிடாது. 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையருகே மூழ்கிய 'அட்மிரல் கார்ட்னர்' கப்பலில், சென்னை மாகாணத்துக்காக அச்சடித்த செப்புக் காசுகள் டன் கணக்கில் இருந்தன. 1980-களில் அவற்றை லட்சக்கணக்கில் வெளியே எடுத்தார்கள். இருநூறு ஆண்டு வயதிருந்தும் அவை இன்று எளிதாகக் கிடைக்கும் காசுகளே. சரக்கு அதிகம் என்றால் விலை இறங்கும். இது நமக்குப் புதிதல்ல.

ஆகவே நாம் கவனிக்க வேண்டியவை:

1. காசைப் புளி போட்டுத் தேய்க்கக் கூடாது. மெருகு போனால் சேகரிப்போர் விலையைக் குறைப்பார்கள்.

2. "பழைய காசுக்கு லட்ச ரூபாய், முதலில் கமிஷன் கட்டுங்கள்" என்று வரும் விளம்பரம் மோசடி. இதற்குக் கட்டணம் வசூலிக்க யாருக்கும் அதிகாரம் தரவில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது.

3. 25 காசும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது. ஆனால் செல்லுபடியாகும் நாணயத்தை உருக்கினால், 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி 7 ஆண்டு வரை சிறை.

4. வயலிலோ மனையிலோ புதைந்து கிடைத்த காசுக் குடத்தை விலை பேசக் கூடாது. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேற்பட்டதைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அதில் சோழர் காசு இருக்கலாம்.

கேட்டு வருபவர் பெரும்பாலும் நம் வாடிக்கையாளர். அவர் கண்முன்னே தராசில் போட்டு, எடையையும் அன்றைய விலையையும் சொல்லுங்கள். ஆசை காட்டவும் வேண்டாம், அடிமாட்டு விலைக்கு வாங்கவும் வேண்டாம். நாலு ரூபாய் காசில் கிடைக்கும் லாபத்தைவிட நாற்பது வருஷ வாடிக்கை பெரிது.