கோமாரி வைரஸ் மாட்டின் இயற்கைக் காவலை ஏய்க்கும் விதம்

கோமாரி என்றும் காணை என்றும் வழங்கும் கால்வாய் வியாதியைக் குடியானவர்கள் பலர் பெரிய ஆபத்தாக எண்ணுவதில்லை. வளர்ந்த மாடு இதனால் இறப்பது அரிது. ஆகவே திடமான மாடு தானே தாங்கிக்கொள்ளும் என்று தடுப்பூசியைத் தட்டிக் கழிப்போர் உண்டு. ஊசி போட்டால் இரண்டொரு நாள் பால் குறையும் என்பது அவர்கள் கூறும் மற்றொரு காரணம். பால் சிறிது குறையக்கூடும் என்பது மெய்யே. திடமான மாடு தாங்கும் என்பதோ இவ்வியாதியைப் பொறுத்தவரையில் நம்பத்தக்கதன்று. அதன் காரணம் வைரஸின் தந்திரத்தில் இருக்கிறது.

இந்நோயின் கிருமி, பாக்டீரியாக்களைத் தடுக்கும் வடிகட்டியையும் கடந்து செல்வதை ஜெர்மனியில் லோப்லர், பிராஷ் என்னும் இருவர் 1898இல் வெளியிட்டனர். வைரஸ் தனியே பெருக வல்லதன்று. மாட்டின் உயிரணுவினுள் புகுந்து, அவ்வணு தனக்குப் புரதம் செய்துகொள்ளும் கருவிகளைக் கொண்டே தன் இனத்தைப் பெருக்குகிறது.

உயிரணுவும் சும்மா இருப்பதில்லை. அந்நிய மரபுப் பொருளை இனங்காணும் காவற் புரதங்கள் அதனுள் உண்டு. அவை எச்சரித்ததும் இன்டர்பெரான் என்ற புரதத்தைச் செய்து வெளியே விடுகிறது. 1957இல் லண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மன் ஆகியோர் கண்டறிந்த இப்பொருள், ஊரில் தண்டோராப் போடுவதை ஒக்கும். அதனை உணர்ந்த அண்டை உயிரணுக்கள், வைரஸ் பெருக இடங்கொடாதவாறு சில மணி நேரத்திற்குள் ஆயத்தமாகிவிடும். பிறவியிலேயே அமைந்த காவல் இது.

கோமாரி வைரஸ் இத்தண்டோராவையே அடக்கிவிடுகிறது. உயிரணுவில் புரதம் செய்யும் கட்டளைகள், தலைப்பில் முத்திரையிட்ட தாக்கீதுகளைப் போல வருகின்றன. முத்திரை கண்டு தாக்கீதை வேலைக்குச் சேர்ப்பிக்கும் புரதம் ஒன்று உண்டு. வைரஸ், லீடர் என்னும் தன் நொதியால் அப்புரதத்தை வெட்டிவிடுகிறது. அதன் பின் முத்திரையுள்ள தாக்கீதுகள் நிறைவேறுவதில்லை. இன்டர்பெரான் செய்யும் தாக்கீதும் அவற்றுள் அடங்கும். வைரஸின் தாக்கீதுக்கோ முத்திரையே இல்லை. கொல்லைப்புற வழியாகக் கருவியில் ஏறும் அமைப்பு அதற்கு உண்டு. வெட்டுண்ட புரதத்தின் மிச்சமே அதற்குப் போதும். இதுவும் போதாதென்று, காவற் புரதங்களின் எச்சரிக்கையைக் கொண்டுசெல்லும் புரதமொன்றை மற்றொரு நொதியால் வெட்டுகிறது. லீடர் நொதியை நீக்கிய வைரஸை 1990களில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் மாடுகளுக்கு மூச்சின் வழியே செலுத்தியபோது, அது உடலெங்கும் பரவவில்லை.

ஆகவே, நல்ல தீனி தின்று திடமாயிருக்கும் மாட்டிலும் செய்தி எட்டாமையால் காவல் தோற்கிறது. கொப்புளம் தோன்றுமுன்னரே பாலில் வைரஸ் வெளிப்படுவதும் உண்டு. இளங்கன்றுகளிலோ அது இருதயத்தைத் தாக்கிக் கொல்லும்.

தடுப்பூசி வேறு வழியில் வேலை செய்கிறது. அதிலுள்ளது செயலிழந்த வைரஸ்; நொதி செய்து ஏய்க்க அதனால் இயலாது. அதைக்கண்டு மாட்டின் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள், இரத்தத்தில் முன்கூட்டியே காத்திருந்து, வைரஸ் உயிரணுவினுள் புகுமுன் அதைப் பற்றுகிறது. இது உண்டாக ஒன்றிரண்டு வாரம் செல்லும். அண்டை வீட்டில் நோய் கண்டபின் போடும் ஊசி பிந்திவிடக்கூடும். எதிர்ப்பொருளின் வலிமை சில மாதங்களில் குறைவதால், 2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் ஆண்டுக்கு 2 முறை போட ஏற்பாடாயிற்று. வைரஸில் 7 வகை உண்டு. ஒன்றின் எதிர்ப்பொருள் மற்றொன்றைத் தடுக்காது. இந்தியாவில் ஓ, ஏ, ஆசியா-1 என்னும் 3 வகைகளுக்கும் சேர்ந்த மருந்தே போடப்படுகிறது. சென்ற ஆண்டு நோய் கண்டு தேறிய மாட்டுக்கு ஊசி வேண்டாமென்பது இதனாலேயே சரியன்று.

நோய் கண்ட கிராமத்தில் மாடுகளைச் சந்தைக்கு ஓட்டாமலும், பொதுக் குட்டையில் விடாமலும் தடுக்க வேண்டும். கொட்டிலைக் கழுவ, 10 லிட்டர் தண்ணீருக்கு 400 கிராம் சலவைச் சோடா கரைத்த நீர் ஏற்றது. பால் கறப்பவர் நோயற்ற மாடுகளை முதலில் கறந்து, நோய்ப்பட்டவற்றைக் கடைசியில் கறக்க வேண்டும்.